இறக்கத்தில் கிளட்சைப் பிடிக்காதீர்கள்

பூண்டுலோயாப் பக்கம் பைக் ஓட்டுகிறவர்களுக்குச் சொல்ல எத்தனையோ இருந்தாலும், உயிரோடு சம்பந்தப்பட்டது ஒன்றுதான்: இறக்கத்தில் எஞ்சினைப் பின்சக்கரத்திலிருந்து பிரிக்காதீர்கள். நியூட்ரலில் விட்டு உருட்டுவது, கிளட்சை இறுகப் பிடித்தபடியே வருவது, சாவியைத் திருப்பி எஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்குவது ஆகிய மூன்றும் ஒரே தவறுதான். மலைநாட்டு ஓட்டத்தில் இதைவிட அதிக விலை கேட்கும் தவறு வேறில்லை என்பது என் முடிவு. இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் புதியவர்கள் அல்லர். இருபது முப்பது வருடம் ஓட்டியவர்கள். இரண்டாம் கியரில் உறுமிக்கொண்டு மெதுவாக இறங்குகிறவனைப் பார்த்து, வண்டியைக் கொல்கிறான் என்று சிரிப்பவர்களும் அவர்கள்தான். வயதுக்கு மரியாதை கொடுக்கலாம். பிரேக்கில் ஏறும் சூட்டுக்கு வயது தெரியாது. ஆகவே அந்தச் சிரிப்புக்குக் கணக்கிலேயே பதில் சொல்கிறேன்.

உங்கள் வண்டியும் 100, 125 சீசீ ரகம்தான் என்று வைத்துக்கொள்கிறேன். வண்டி, ஓட்டுபவர், பின்னால் ஒருவர், மடியில் ஒரு பை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 250 கிலோ. நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அங்கிருந்து டன்சினன் பக்கமாக நம் டவுனுக்கு வருவதென்றால் பல நூறு மீற்றர் இறங்க வேண்டும். அதில் 300 மீற்றரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். 250 கிலோ 300 மீற்றர் இறங்கும்போது வெளிப்படும் சக்தி சுமார் 735 கிலோஜூல். கேத்தலில் இரண்டு லீற்றர் பச்சைத் தண்ணீரை வைத்துக் கொதிக்கவிடத் தேவையான சூட்டைவிட இது கொஞ்சம் அதிகம். காற்றும் டயரும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். மிச்சம் எங்கேயாவது போய்த்தான் ஆக வேண்டும். கியரில் இறங்கினால், மூடிய எக்சிலேட்டருக்கு எதிராகக் காற்றை இழுத்துத் தள்ளுவதிலேயே எஞ்சின் அதில் பெரும் பகுதியை விழுங்கிவிடும். அந்தச் சூட்டை வெளியேற்ற அதற்குச் செதில் செதிலாக உடம்பும், ஓடிக்கொண்டே இருக்கும் ஒயிலும் உண்டு. கிளட்சைப் பிடித்த நொடியில் மொத்தமும் உள்ளங்கையளவு பிரேக் ஷூக்களின் தலையில் விழுகிறது.

அந்த ஷூக்கள் மூடிய டிரம்முக்குள் இருக்கின்றன; சூடு சீக்கிரம் வெளியேற வழியில்லை. டிரம் சூடேறி விரிந்து ஷூவை விட்டு விலகும். ஷூவின் மேற்பரப்பு வழுவழுத்துப் பளபளக்கும். மிதித்தால் பெடல் இறங்கும், வண்டி நிற்காது. டிஸ்க் பிரேக் இருக்கிறது, நமக்குப் பயமில்லை என்பவர்களுக்கும் ஒரு கணக்கு உண்டு. டொட் 4 பிரேக் ஒயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரக் கட்டுப்பாடு. அதே ஒயில் ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த எல்லை 155 பாகைக்கு இறங்கிவிடுகிறது. வருடத்தில் பாதி நாள் மழையும் மிச்ச நாளில் பனிமூட்டமுமாக இருக்கும் ஊரில், போத்தலைத் திறந்து வைத்து, வருடக்கணக்கில் மாற்றாமல் ஓட்டுகிற ஒயில் எந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். உள்ளே ஆவி உண்டானால் லீவர் கைப்பிடியில் போய் முட்டும். இதில் கொடுமை என்னவென்றால், விழுந்து எழும்பி, வண்டியைத் தள்ளிக்கொண்டு கராஜுக்குப் போவதற்குள் எல்லாம் ஆறி, பிரேக் பழையபடி பிடிக்கத் தொடங்கிவிடும். பாஸ் மிதித்துப் பார்த்துவிட்டு, பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, உனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்பார். வருடத்துக்கு இரண்டு தரம் ஷூ மாற்றிக் காசு வாங்குகிறவர், நீ எப்படி இறங்குகிறாய் என்று ஒரு தரமாவது கேட்டிருக்கலாம்.

பெற்றோல் மிச்சமாகிறதே என்பது முதல் ஆட்சேபம். 2022 இல் இந்த வாதத்துக்குப் பெரிய பலம் கிடைத்தது. அந்த ஜூலையில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் குறியீட்டு முறை வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். அதற்கு முந்திய மாதமே 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய்க்கு ஏறியிருந்தது. அன்றைக்கு ஒவ்வொரு சொட்டையும் எண்ணியவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். நம்முடைய சிறிய எஞ்சின் ஒரு மணி நேரம் முழுக்கச் சும்மா ஓடினாலும் அரை லீற்றர் குடிக்காது. அரை லீற்றர் என்றே வைத்தாலும் இருபது நிமிட இறக்கத்துக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு. அந்த உச்ச விலையிலும் 80 ரூபாய்க்குள் அடங்கிவிடும். கார்புரேட்டர் வண்டி கியரில் இறங்கும்போது ஐடிலைவிடச் சற்றுக் கூடக் குடிக்கும் என்பது உண்மை. அதற்கும் சேர்த்துத்தான் தாராளமாக அரை லீற்றர் என்றேன். பெற்றோலை ஊசியால் பீய்ச்சும் புதிய வகை வண்டியிலோ கதை தலைகீழ். எக்சிலேட்டரை முழுக்க விட்டுக் கியரில் இறங்கினால் கணினி பெற்றோலையே நிறுத்திவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் அணையாமலிருக்க மறுபடி ஊற்றும். மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரல் போடுகிறவர் அங்கே செலவு செய்துகொண்டிருக்கிறார். ஒரு ஜோடி ஷூவின் விலையையும் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போவதையும் சேர்த்துப் பார்த்தால் இந்தச் சிக்கனம் எந்தப் பக்கம் போகிறது என்பது தெளிவு.

பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதையும் நியாயமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் முட்டாள்கள் அல்லர். வெஸ்பா, பஜாஜ் சேட்டக், ஜாவா, பழைய பஜாஜ் த்ரீவீல் எல்லாம் டூ ஸ்ட்ரோக். அவற்றில் பெற்றோலோடு கலந்து போகும் ஒயில்தான் பிஸ்டனுக்கு மசகு. எக்சிலேட்டரை மூடியபடி நீண்ட இறக்கத்தில் எஞ்சினை வேகமாகச் சுழலவிட்டால், பெற்றோல் குறையும்போது ஒயிலும் குறைந்து பிஸ்டன் பிடித்துக்கொள்ளலாம். ஆகவே அன்றைக்குக் கிளட்சைப் பிடித்து இறங்கியதில் அறிவு இருந்தது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் ஒயில் தனியே அடியில் கிடக்கிறது. எஞ்சின் சுற்றும்வரை பம்ப் அதை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். வண்டி மாறியபின் புத்தி மாறவில்லை என்பதுதான் குறை. செயின் தேயும், கிளட்ச் தேயும் என்ற பயமும் இப்படித்தான். கிளட்ச் தேய்வது அரைகுறையாக வழுக்கும்போது. முழுக்க விட்ட கிளட்ச் தேயாது. ஏற்றத்தில் இழுக்கும் இழுவைக்கு முன்னால், இறக்கத்தில் செயினுக்கு வரும் பாரம் ஒன்றுமே இல்லை.

இதையெல்லாம் முறையாகப் பழக்கும் ஒரு விளையாட்டு உலகத்தில் இருக்கிறது; நம் ஊரில்தான் அதற்குப் பேர் தெரியாது. மலை என்றாலே நமக்கு வேகம்: நுவரெலியாவில் மககஸ்தொட்ட மலையேற்றம், தியத்தலாவையில் பொக்ஸ் ஹில். ட்ரயல்ஸ் என்ற போட்டியில் வேகத்துக்குப் புள்ளியே கிடையாது. பாறை, ஓடை, சேறு, செங்குத்து மேடு ஆகியவற்றைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒரு தரம் கால் ஊன்றினால் 1 புள்ளி தண்டனை, இரண்டு தரத்துக்கு 2, அதற்கு மேல் 3, விழுந்தாலோ கடக்க முடியாமல் நின்றாலோ 5. குறைந்த புள்ளி வாங்கியவர் வெல்வார். 1909 இல் வேர்விட்ட ஸ்கொட்லாந்தின் ஆறு நாள் ட்ரயல் இன்றும் நடக்கிறது. ட்ரயல்ஸ் வீரர் சாமி மில்லர் 500 சீசீ ஏரியல் வண்டியை விட்டுவிட்டு, ஸ்பெயினின் புல்டாக்கோ கம்பனியோடு சேர்ந்து அதில் பாதியளவு எஞ்சின் கொண்ட ஷெர்பா வண்டியை உருவாக்கி, 1965 இல் அந்த ஆறு நாள் போட்டியையே வென்றார். 2007 முதல் 2024 வரை ஒவ்வொரு ஆண்டும் உலகப் பட்டத்தை எடுத்த டோனி போவின் மொன்டேசாவும் 300 சீசீ அளவுதான். நம் பாதைக்கு 150 வாங்கு, 200 வாங்கு என்று தலையில் கட்டப் பார்க்கும் விற்பனையாளர்களுக்கு இதுவே பதில். மேட்டை ஏற்றுவது சீசீ மட்டுமல்ல, பல்சக்கரக் கணக்கும்தான். முன் பல்சக்கரத்தை 14 பல்லிலிருந்து 13க்கு மாற்றினால் எல்லாக் கியரும் ஏழு வீதம் இறங்கும். ஏற்றத்தில் இழுவையும் இறக்கத்தில் எஞ்சின் பிடியும் ஒருசேரக் கூடும். கடைக்காரருக்கு இதில் லாபம் இல்லை, அதனால் சொல்ல மாட்டார்.

இங்கே விவரம் தெரிந்தவர் ஒருவர் மடக்கலாம்: ட்ரயல்ஸ் காரர்கள் எந்நேரமும் ஒரு விரலைக் கிளட்சில் வைத்திருக்கிறார்களே, செங்குத்தான பாறையில் கிளட்சைப் பிடித்துக்கொண்டு பிரேக்கில்தானே இறங்குகிறார்கள்? உண்மைதான். ஆனால் அவர்கள் இறங்குவது சில மீற்றர். வண்டி 70 கிலோ சொச்சம். பிரேக் ஆறுவதற்கு அடுத்த கட்டம் வரை நேரம் உண்டு. நாம் இறங்குவது கிலோமீற்றர் கணக்கில், இரட்டைச் சுமையோடு. அவர்களிடமிருந்து எடுக்க வேண்டியது அந்தப் பாறைத் தந்திரத்தை அல்ல, சக்கரத்தின் பிடி எப்போதும் தன் கையில் இருக்க வேண்டும் என்ற ஒழுங்கை. கால் ஊன்றினால் தண்டனை என்ற விதியின் அருமை நம் கொங்கிரீட் பாதையில்தான் விளங்கும். பயம் வந்தவுடன் இரண்டு காலையும் கீழே விட்டுத் தேய்த்துக்கொண்டு இறங்குகிறோம். அந்த நிமிஷமே வலது கால் பின்பிரேக்கை விட்டுவிடுகிறது, பாரம் முழுக்க சீட்டுக்கு ஏறுகிறது, மிஞ்சுவது முன்பிரேக் மட்டும். பாசி படிந்த வளைவில் முன்சக்கரத்தை மட்டும் பிடித்தால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கால் ஸ்டாண்டிலேயே இருக்கட்டும், முழங்கால் டேங்கை அணைக்கட்டும், இடுப்பு பின்னுக்குப் போகட்டும், கண் முன்சக்கரத்தில் அல்ல, அடுத்த வளைவில் இருக்கட்டும்.

எந்தக் கியர் என்றால், அந்த மேட்டை எதில் ஏறுவீர்களோ அதில் இறங்குங்கள். கியரைக் குறைப்பது வளைவுக்கு முன்னால், வளைவுக்குள் அல்ல. ஈரப் பாசியில் முதல் கியர் பின்சக்கரத்தை வழுக்கச் செய்யும் என்பது நியாயமான ஆட்சேபம். அதற்கு மருந்து நியூட்ரல் அல்ல. இரண்டாம் கியர், கிளட்சை நிதானமாக விடுவது, வழுக்கும்போது எக்சிலேட்டரை ஒரு நூல் திறப்பது. எஞ்சின் பிடித்து வழுக்கும் சக்கரம் பெரும்பாலும் சுற்றிக்கொண்டாவது இருக்கும், எக்சிலேட்டரால் மீட்கலாம்; பிரேக்கில் பூட்டிய சக்கரம் கானுக்குத்தான் கொண்டுபோகும். எஞ்சினை நிறுத்தி இறங்குபவருக்கு இந்த மருந்தும் கைவசம் இல்லை; பல பழைய வண்டிகளில் முன் லைட்டும் அதோடு போய்விடும். கியரே இல்லாத ஸ்கூட்டர்காரர்களுக்கு என்னால் முழு ஆறுதல் சொல்ல முடியாது. வேகம் மிகக் குறைந்தால் அதன் கிளட்ச் தானாகவே விடுபட்டு வண்டி சும்மா உருளும். எக்சிலேட்டரை இலேசாகத் தொட்டால் மீண்டும் பிணையும். இருந்தும் அதன் எஞ்சின் பிடி போதாது. நீண்ட இறக்கத்தில் இடையில் நிறுத்தி ஆறவிடுங்கள். டவுன் வேலைக்கு அருமையான வண்டிதான். இருவர் ஏறி ஒரு மூட்டையும் வைத்து மேல் டிவிசனிலிருந்து இறங்குவதற்கு அல்ல.

பராமரிப்பு சுருக்கமாக. செயின் தளர்வு உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளபடி, பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீற்றர். இறுக்கினால் நல்லது என்பது பொய், ஆள் ஏறி அமர்ந்தால் அது இன்னும் இறுகும். டயர் காற்று கம்பனி சொன்ன அளவுதான். ட்ரயல்ஸ் வண்டிகள் ஐந்து பீஎஸ்ஐக்குப் பக்கத்தில் ஓடுகின்றன என்று கேட்டுவிட்டு நம் டியூப் டயரில் இறக்கினால் டியூப் கிழியும். பிரேக் ஒயில் இரண்டு வருடத்துக்கு ஒரு தரம், மூடியிருந்த புதிய போத்தலிலிருந்து. டிரம்மைக் கழற்றும் ஒவ்வொரு தடவையும் ஷூ பளபளக்கிறதா என்று பாஸிடம் கேட்காமல் நீங்களே பாருங்கள். 2020 இல் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 இல்தான் மீண்டும் திறந்தது. கையிலிருக்கும் பழைய வண்டியைக் காப்பாற்றுவதைத் தவிர நம்மில் பலருக்கு வேறு வழியில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் நியூட்ரல்தான் சரி என்பவர்கள் வாயால் வாதாட வேண்டாம். டவுனில் வண்டியை நிறுத்தியவுடன் பின் ஹப்பில் இரண்டு சொட்டுத் தண்ணீரைத் தெளிக்கட்டும். பக்கத்தில் கியரில் இறங்கி வந்த வண்டியின் ஹப்பிலும் தெளிக்கட்டும். எதில் தண்ணீர் சீறுகிறதோ, அதை ஓட்டி வந்தவர் பின்னால் பிள்ளையை ஏற்றுவதற்கு முன் யோசிக்கட்டும்.