குழந்தைக்கு மணி தெரியாது, வரிசை தெரியும்

இரவு 2 மணி. பிறந்து 20 நாளான குழந்தை அழுகிறது. அரை மணி நேரத்துக்கு முன்புதான் பால் குடித்தது. "பால் பத்தலை போல, டின் பால் கரைச்சுக் கொடு" என்கிறார் ஒருவர். "அழுதா அழட்டும், உடனே உடனே கொடுத்துப் பழக்காதே" என்கிறார் இன்னொருவர். யாரோ அனுப்பிய வாட்ஸ்அப் அட்டவணையில் 'காலை 6, 9, பகல் 12, 3' என்று இருக்கிறது. தாய் யார் பேச்சைக் கேட்பது?

புதிதாகக் குழந்தை பிறந்த பெரும்பாலான வீடுகளில் இந்தக் குழப்பம் உண்டு. குழந்தைக்குப் பாலும் தூக்கமும் ஒரு ஒழுங்குக்கு வர வேண்டும் என்பது நியாயமான ஆசைதான். ஆனால் அது கடிகாரத்தைப் பார்த்து வராது. ஒன்றன்பின் ஒன்றாக என்ன நடக்கும் என்ற வரிசை தினமும் ஒரே மாதிரி இருந்தால், நேரம் தானாகப் பின்னால் வரும். வயதுக்கு ஏற்ப அதை எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

முதல் 2 வாரம்: அட்டவணை வேண்டாம், கணக்கு போதும்

குழந்தை பிறந்த 1 மணி நேரத்துக்குள் தாய்ப்பால் தொடங்க வேண்டும். முதலில் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் நோய் எதிர்ப்புச் சக்தி நிறைந்தது. அதைப் பீய்ச்சிக் கீழே ஊற்றக் கூடாது. முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே. சர்க்கரைத் தண்ணீர், தேன், கழுதைப்பால், உரை மருந்து எதுவும் வேண்டாம். கோடையில்கூடத் தனியாகத் தண்ணீர் தேவையில்லை. தாய்ப்பாலில் பெரும்பகுதி தண்ணீர்தான்.

பச்சிளங்குழந்தையின் வயிறு மிகச் சிறியது. தாய்ப்பாலும் சீக்கிரம் செரித்துவிடும். அதனால் 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிப்பது இயல்பு. மாலையில் 1 மணி நேரத்துக்கு ஒருமுறை கேட்கலாம், பிறகு 3 மணி நேரம் தூங்கலாம். இதில் தவறு எதுவும் இல்லை.

கவனிக்க வேண்டியது இதற்கு நேர்மாறான குழந்தையை. "எங்க குழந்தை அழவே அழாது, நல்லா தூங்கும்" என்று பெருமையாகச் சொல்வோம். முதல் 2 வாரத்தில் நீண்ட நேரம் எழாமல் தூங்கும் குழந்தைக்குப் பால் குறைகிறது. பால் குறைந்தால் சோர்வு, சோர்வினால் மேலும் தூக்கம் என்று அது ஒரு சுழலாகிவிடும். மஞ்சள் காமாலையும் கூடலாம். எனவே பிறந்தபோது இருந்த எடையைக் குழந்தை திரும்ப எட்டும் வரை, கடைசியாகப் பால் கொடுக்கத் தொடங்கி 3 மணி நேரம் ஆகிவிட்டால் எழுப்பிக் கொடுங்கள். 2.5 கிலோவுக்குக் குறைவாகப் பிறந்த குழந்தைக்கும் குறைமாதக் குழந்தைக்கும் பொதுவாக 2 மணி நேரத்துக்கு ஒருமுறை தேவைப்படும். மருத்துவர் சொன்ன இடைவெளியைப் பின்பற்றுங்கள்.

எழுப்புவது எப்படி? சுற்றியிருக்கும் துணியைத் தளர்த்துங்கள், ஈரத்துணியை மாற்றுங்கள், உள்ளங்காலை லேசாகத் தேயுங்கள். தாயின் மார்போடு தோலோடு தோலாகச் சேர்த்து அணைத்தாலே பல குழந்தைகள் வாயைத் திறக்கும்.

போனில் அலாரம் வைப்பது இந்த நாட்களில் நல்ல உதவி. ஆனால் அந்த அலாரம் 'இதற்கு மேல் இடைவெளி போகக் கூடாது' என்பதற்கு மட்டும். அலாரம் அடிக்கும் முன்பே குழந்தை கேட்டால் கொடுத்துவிட வேண்டும்.

அழுகை கடைசி மணி

பசியை அழுகையால் மட்டும்தான் குழந்தை சொல்லும் என்று நினைக்கிறோம். உண்மையில் அழுகை கடைசியில்தான் வரும். அதற்கு முன்பே தலையை இப்படியும் அப்படியும் திருப்பி மார்பைத் தேடும், நாக்கை நீட்டும், கையை வாய்க்குள் வைக்கும், உதட்டைச் சப்பும். அப்போதே எடுத்தால் அமைதியாகக் குடிக்கும். கதறி அழுத பிறகு மார்பில் வைத்தால் சரியாகக் கவ்வாது, காற்றையும் விழுங்கும், அரைகுறையாகக் குடித்துவிட்டுக் களைத்துத் தூங்கும். அரை மணியில் மறுபடி எழும். "இப்போதானே குடிச்சது" என்று நாம் குழம்புவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஒரு பக்கம் முழுவதும் குடித்து முடித்த பிறகு மறுபக்கம் கொடுங்கள். குடித்ததும் தோளில் சாய்த்து முதுகைத் தடவி ஏப்பம் விட வையுங்கள்.

பால் பத்துதா இல்லையா?

இந்தச் சந்தேகம் வராத தாய் குறைவு. இதற்குப் பதில் குழந்தையின் சிறுநீரிலும் எடையிலும் இருக்கிறது.

• முதல் சில நாட்கள் சிறுநீர் குறைவாக இருக்கும். 5-ஆம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் 6 முறைக்கு மேல் போக வேண்டும்.
• கறுப்பாக இருந்த மலம் 4, 5 நாளில் மஞ்சளாக மாற வேண்டும்.
• முதல் வாரத்தில் எடை சற்றுக் குறைவது இயல்பு. சுமார் 2 வாரத்தில் பிறந்த எடைக்குத் திரும்பி, அதன் பிறகு ஏற வேண்டும்.

போனில் உள்ள நோட்ஸ் பக்கத்தில் பால் கொடுத்த நேரம், எந்தப் பக்கம், எத்தனை முறை சிறுநீர் என்று குறித்து வந்தால் போதும். இரண்டு வாரத்துக்கு மேல் அந்தக் கணக்கு தேவைப்படாது.

மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாட்களில் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்பது தேசிய சுகாதார இயக்கத்தின் நடைமுறை. வரும் செவிலியரிடம் எடை பார்க்கச் சொல்லி, தாய் சேய் பாதுகாப்பு அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். குழந்தை மார்பைச் சரியாகக் கவ்வுகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தயங்க வேண்டாம். பால் பத்தாததற்கும் காம்பு வெடிப்புக்கும் பல நேரங்களில் காரணம் பிடித்து வைக்கும் முறைதான்.

இன்னொன்று. 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால் மாவு, பால் புட்டி ஆகியவற்றை விளம்பரம் செய்வது நம் நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது. போனில் அப்படி ஏதாவது வந்தால் அதை மருத்துவ ஆலோசனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ராத்திரியைப் பகலாக்கும் குழந்தை

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். ஆனால் துண்டு துண்டாகத் தூங்கும். இரவு எது, பகல் எது என்று அதற்குத் தெரியாது. உடலின் பகல்-இரவுக் கணக்கு உருவாக 2 முதல் 4 மாதம் ஆகும். அதுவரை நாம்தான் வித்தியாசத்தைக் காட்ட வேண்டும்.

பகலில் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மிக்ஸி சத்தம், பேச்சுச் சத்தம் எல்லாம் இருக்கட்டும். பால் கொடுத்ததும் கொஞ்ச நேரம் முகம் பார்த்துப் பேசுங்கள். இரவில் சின்ன விளக்கு போதும். பால் கொடுங்கள், ஏப்பம் விட வையுங்கள், துணி மாற்றுங்கள், படுக்க வையுங்கள். பேச்சும் விளையாட்டும் வேண்டாம். போன் வெளிச்சத்தையும் குறைத்து வையுங்கள். அது உங்கள் தூக்கத்தையும் கெடுக்கும்.

இரவுப் பாலை நிறுத்தினால் குழந்தை தூங்கப் பழகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். முதல் மாதங்களில் அதைச் செய்யாதீர்கள். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் அதிகம். இரவுப் பால் குறைந்தால் பகல் பாலும் குறையும்.

3 மாதத்துக்குப் பிறகு: வரிசை அமைக்கும் காலம்

இப்போது குழந்தையின் தூக்கமும் பசியும் ஓரளவு கணிக்கக்கூடியதாக மாறும். இந்த நேரத்தில் ஒரு வரிசையைப் பிடித்துக்கொள்ளலாம். நம் பாட்டிமார் இதைத்தான் செய்தார்கள்: குளியல், பால், தாலாட்டு, தூக்கம். தினமும் இதே வரிசை. குளிப்பாட்டும்போதே அடுத்தது என்ன என்று குழந்தைக்குத் தெரிந்துவிடும். ஒரே தாலாட்டைத் தினமும் பாடினால் அதுவே 'தூங்கும் நேரம்' என்ற அறிவிப்பு.

3, 4 மாதக் குழந்தைக்கு ஒரு நாள் ஏறக்குறைய இப்படி இருக்கலாம்:

• காலை எழுந்ததும் பால், வெளிச்சத்தில் சிறிது நேரம் விளையாட்டு, பிறகு முதல் தூக்கம்.
• எழுந்ததும் பால், குளியல். குளித்த பின் மறுபடி பால், நீண்ட தூக்கம்.
• மதியம் பால், விழித்திருக்கும்போது நம் கண் முன்னால் குப்புறப் படுக்க வைத்து விளையாட்டு, தூக்கம்.
• மாலை பால், வாசலில் காற்று, குட்டித் தூக்கம்.
• இரவு 7 முதல் 8 மணிக்குள் உடலைத் துடைத்து, உடை மாற்றி, விளக்கைக் குறைத்து, பால், தாலாட்டு, தூக்கம்.
• இரவில் எழும்போதெல்லாம் பால்.

இதில் மணி முன்னே பின்னே போகலாம். இந்த வயதில் ஒரு தூக்கத்துக்கும் அடுத்த தூக்கத்துக்கும் இடையில் சுமார் ஒன்றரை முதல் 2 மணி நேரம்தான் குழந்தையால் விழித்திருக்க முடியும். கொட்டாவி விட்டாலோ, கண்ணைக் கசக்கினாலோ, பார்வையை வேறு பக்கம் திருப்பினாலோ படுக்க வைத்துவிடுங்கள். அந்த நேரம் தாண்டினால் களைப்பில் அழும், தூங்க வைப்பது இன்னும் கஷ்டம்.

தடுப்பூசி போட்ட நாள், காய்ச்சல், ஊர்ப் பயணம், திடீர் வளர்ச்சிக் காலம் ஆகியவற்றில் வரிசை குலையும். கேட்கும்போதெல்லாம் பால் கொடுங்கள். சில நாளில் பழையபடி திரும்பும்.

தூங்கும் இடம்

குழந்தையை எப்போதும் மல்லாக்கப் படுக்க வையுங்கள். படுக்கை சமமாக, சற்று உறுதியாக இருக்கட்டும். தலையணை, கனத்த போர்வை, பொம்மை எதுவும் முகத்தருகே வேண்டாம். தாய் இருக்கும் அதே அறையில் படுக்க வைப்பது நல்லது. சோபாவில் குழந்தையை மார்பில் போட்டபடி தூங்கிவிடாதீர்கள்.

தூளி நம் வீடுகளில் உள்ள வழக்கம். அதில் போட்டால், தாடை நெஞ்சில் அழுந்தி மூச்சு தடைபடாமலும் துணி முகத்தை மூடாமலும் இருக்கிறதா என்று ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். தூங்கியதும் சமமான படுக்கைக்கு மாற்றிவிடுங்கள். குழந்தை இருக்கும் அறையில் சாம்பிராணிப் புகை, கொசுவத்திப் புகை, சிகரெட் புகை எதுவும் கூடாது. கொசுவுக்கு வலை போதும்.

6 மாதம்: தட்டும் வரிசையில் சேரும்

6 மாதம் முடிந்ததும் தாய்ப்பாலோடு இணை உணவு தொடங்க வேண்டும். முதலில் 2, 3 தேக்கரண்டி, நாளுக்கு 2 முதல் 3 வேளை. குழைந்த பருப்புச் சோறு, கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், வேகவைத்த காய், முட்டை. கரண்டியைச் சாய்த்தால் வழிந்து ஓடாத பதத்தில் இருக்க வேண்டும். 9 மாதத்தில் 3 முதல் 4 வேளை. அங்கன்வாடியில் 6 மாதத்திலிருந்து சத்துமாவு தருகிறார்கள். பெயர் பதிந்து வாங்கிக்கொள்ளுங்கள். தாய்ப்பாலை 2 வயது வரையும் அதற்குப் பிறகும் தொடரலாம்.

வேலைக்குத் திரும்பும் தாய்க்கு

சட்டப்படி, முதல் 2 குழந்தைகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. திரும்பி வந்த பிறகு, குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை தினமும் 2 முறை பாலூட்டும் இடைவேளையும் உண்டு. வேலையில் சேரும் 2 வாரத்துக்கு முன்பே பாலைப் பீய்ச்சி எடுத்துப் பாலாடையில் கொடுத்துப் பழக்குங்கள். கொடுக்கப் போகிறவர் கையாலேயே பழக்குவது நல்லது. நம் ஊர் வெயிலில், வெளியில் வைத்த பாலை 4 மணி நேரத்துக்குள்ளும், ஃபிரிட்ஜில் வைத்ததை 24 மணி நேரத்துக்குள்ளும் கொடுத்துவிடுங்கள். பயணத்தின்போது, பேருந்து நிலையங்களில் 2015 முதல் அமைக்கப்பட்டுள்ள பாலூட்டும் அறைகளைப் பயன்படுத்தலாம்.

வரிசை வீட்டுக்கும்தான்

"குழந்தை தூங்கும்போது நீயும் தூங்கு" என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த நேரத்தில் துணி துவைப்பது யார், சமைப்பது யார்? பால் கொடுப்பது மட்டும்தான் தாயால் மட்டுமே முடிந்த வேலை. ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது, தாலாட்டுவது எல்லாம் அப்பாவும் செய்யலாம். இரவில் ஒரு வேளையாவது அவர் எழட்டும். பார்க்க வருபவர்கள் மாலை 6 மணிக்குள் வந்து போகட்டும்.

தாய்க்கு 2 வாரத்துக்கு மேலும் காரணமில்லாத அழுகை, குழந்தை மேல் பிடிப்பில்லாமை, குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராமை இருந்தால் அது சோம்பேறித்தனம் அல்ல. மருத்துவ உதவி தேவை. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற கட்டணமில்லா எண் உள்ளது.

உடனே மருத்துவமனைக்கு

• பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் எழாத சோர்வு
• உடல் சுடுவது அல்லது சில்லிட்டுப் போவது
• 2 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு விடுவது, நெஞ்சு உள்ளே இழுப்பது
• வலிப்பு
• பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் நிறம், அல்லது உள்ளங்கை, உள்ளங்கால் வரை மஞ்சள்
• சிறுநீர் வெகுவாகக் குறைவது

ஆம்புலன்ஸுக்கு 108. சந்தேகம் கேட்க 104.

இரவு 2 மணிக்கு அழும் அந்த 20 நாள் குழந்தைக்கு வருவோம். நேற்று 8 முறை சிறுநீர் போயிருக்கிறது. எடை ஏறியிருக்கிறது. உடல் சுடவில்லை. அப்படியானால் பயப்பட ஒன்றுமில்லை. விளக்கைப் போடாமல் எடுத்து அணைத்து, இன்னொரு முறை பால் கொடுங்கள். குடித்ததும் அப்பா தோளில் போட்டு ஏப்பம் விட வைக்கட்டும். அதற்குள் அம்மா கண்ணை மூடட்டும்.