கேட் பரீட்சையும் மனத்தளர்ச்சியும்

முதுநிலைப் பொறியியல் வகுப்பிற் சேர விரும்பிக் கேட் பரீட்சை எழுதிக் குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவன், தன் அறிவே குறைவென்று வருந்துதல் இயல்பு. அஃது ஆராயாது கொண்ட முடிபாம். பரீட்சைக்குப்பின் வெளியிடப்படும் விடைக்குறிப்பைத் தான் குறித்த விடைகளோடு ஒப்பிட்டு, பிழைகளை மூவகையாகப் பகுத்தல் வேண்டும்: அறியாதவை, அறிந்தும் கணக்கில் வழுவியவை, ஊகித்தவை.

நான்கனுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வினாவில் விடை தவறின், அதற்குரிய மதிப்பெண்ணில் 1/3 பங்கு கழியும். ஆகவே நான்கு ஊகங்களில் ஒன்று பலித்தாலும், ஏனைய மூன்றும் அப்பயனை அழித்துவிடும். விடையை எண்ணாகவே எழுதும் வினாக்களுக்கு இக்கழிவு இல்லை.

முதல்வகைப் பிழைக்குப் படிப்பும், இரண்டாவதற்குப் பயிற்சியும், மூன்றாவதற்கு அடக்கமும் மருந்தாம். பரீட்சையோ ஆண்டுதோறும் வருவது. பெற்ற மதிப்பெண்ணும் 3 ஆண்டு செல்லும். ஆதலின், அழுது கழிக்கும் ஒரு திங்களினும் பிழைகளை எண்ணும் ஒரு மாலைப்பொழுது நன்று.