திராட்சையில் தத்துப்பூச்சி: மருந்துக்கு முன் இலையைத் திருப்பிப் பாருங்கள்

திராட்சை இலையின் மேற்புறத்தில் வெளிறிய புள்ளிகள் தோன்றினால் இலையைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அடிப்புறத்தில் தத்துப்பூச்சியின் குஞ்சுகள் சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கும். தாக்குதல் முற்றினால் இலைகள் காய்ந்து உதிரும்; பூச்சியின் கழிவு பட்டுப் பழத்தில் கரும்புள்ளி விழும். ஆனால் பூச்சியைக் கண்டவுடன் தெளிப்பானைத் தோளில் மாட்டுவது தவறு. இதில் கலிஃபோர்னியா விவசாயிகளின் அனுபவம் அறியத்தக்கது.

அங்கே தத்துப்பூச்சிக்கு எமன் அனாக்ரஸ் என்னும் மிகச் சிறிய குளவி. நம் கரும்பில் விடும் டிரைக்கோகிரம்மாவைப் போல, இது பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையை இட்டுவிடும். பூச்சி ஆண்டுக்கு மூன்று தலைமுறை பெருகினால், குளவி ஒன்பது, பத்துத் தலைமுறை பெருகும். ஆனால் ஒரு சங்கடம் உண்டு. குளிர்காலத்தில் கொடியில் இலை இராது. தாய்ப்பூச்சி சருகிலும் களையிலும் ஒதுங்கிப் பிழைத்துக்கொள்ளும். முட்டை இல்லாமல் குளவி எங்கே போகும்?

1960களில் டவுட், நகாட்டா என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் விடை கண்டனர். ஆற்றோரத்து பிளாக்பெரி முட்புதரில் வாழும் வேறொரு தத்துப்பூச்சியின் முட்டைகளில் குளவி குளிர்காலத்தைக் கழிக்கிறது. பயனற்றதென்று வெட்டியெறியும் புதர்தான் தோட்டத்திற்குக் காவல்! பின்னர் 1980களில், பிளம் இன மரங்களிலும் குளவி தங்குவது தெரிந்தது. காற்று வரும் திசையில் அம்மரங்களை நட்டுப் பார்த்தார்கள். எல்லாத் தோட்டங்களிலும் ஒரே அளவு பலன் கிடைக்கவில்லை.

அங்கே கணக்கிடும் முறை எளிது. தோட்டத்தின் பல பகுதிகளிலும் இருபது இருபது கொடிகளில், கொடிக்கு ஓர் இலை வீதம் பறித்துக் குஞ்சுகளை எண்ணுவார்கள். முதல் தலைமுறைக்கு அடி இலைகளையே பார்க்க வேண்டும். உலர்திராட்சை, ஒயின் வகைகளில் இலைக்கு 15 முதல் 20 குஞ்சுகள் வரை பொறுக்கலாம். பழமாகவே விற்பதற்கு அதைவிடக் குறைவு. பூதக்கண்ணாடியில் முட்டை சிவப்பாகத் தெரிந்தால் குளவி வேலை செய்கிறது என்று பொருள். அப்போது கடும் மருந்து அடித்தால் குளவிதான் சாகும். குஞ்சுகளுக்கு இறகு முளைக்குமுன் குலையருகே உள்ள அடி இலைகளைக் கிள்ளினாலும் பூச்சி குறையும்.

கம்பம் பள்ளத்தாக்கில் கொடி இப்படிக் குளிரில் உறங்குவதில்லை; ஆகவே அந்த எண்களை அப்படியே இங்கு கொள்ள வேண்டாம். பூச்சியின் இனத்தையும் கவனிக்க வேண்டும். கலிஃபோர்னியாவிலேயே 1980களில் பரவிய பலநிறத் தத்துப்பூச்சி இலைத் திசுவின் ஆழத்தில் முட்டையிட்டதால், அதே குளவியால் அதை அவ்வளவாக அடக்க முடியவில்லை.