சிறு விபத்து: கைக்காசா, காப்பீடா?

நம் வணிகர்களில் பலர் இன்று சொந்தமாகக் காரோ சரக்கு வேனோ வைத்திருக்கிறார்கள். மார்க்கெட் வாசலில் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது நின்றிருந்த காரில் இடித்துவிட்டால் உடனே கூட்டம் கூடிவிடும். "ஐயாயிரம் கொடுத்து முடித்துவிடுங்கள் அண்ணாச்சி" என்பார் ஒருவர். "இன்சூரன்ஸ் எதற்கு இருக்கிறது?" என்பார் இன்னொருவர். யார் சொல்வது சரி என்பது அன்றைய சேதத்தைப் பொறுத்தது.

முதலில் பார்க்க வேண்டியது தகரத்தை அல்ல, மனிதரை. யாருக்காவது அடிபட்டிருந்தால், அது சிராய்ப்புதான் என்றாலும், கையில் பணம் கொடுத்து அனுப்பிவிடக் கூடாது. அடிபட்டவருக்கு மருத்துவ உதவி செய்வதும், 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குத் தெரிவிப்பதும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதுவதும் 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-வது பிரிவு ஓட்டுநருக்கு விதித்துள்ள கடமைகள். இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு போனவருக்கு மறுநாள் எலும்பு முறிவு என்று தெரிந்தால், அவர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியும். மூன்றாம் நபரின் காயத்துக்கான பெரும் பொறுப்பைச் சுமக்கத்தான் கம்பெனிக்கு ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறோம்.

பாலிசியில் பலரும் படிக்காத நிபந்தனை ஒன்று உண்டு. கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதம் இல்லாமல் தவற்றை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ, கொடுக்கவோ கூடாது என்பது அது. தெருவில் கொடுத்துவிட்டு, பிறகு "அந்தத் தொகையைத் தாருங்கள்" என்று கம்பெனியிடம் போய் நிற்க முடியாது.

ஆளுக்கு அடியில்லை, நம் காருக்குச் சேதம் மட்டும்தான் என்றால், அப்போது கணக்குப் போடலாம். கிளைம் வாங்காத ஆண்டுகளுக்கு, சொந்தச் சேதப் பிரீமியத்தில் நோ கிளைம் போனஸ் என்ற தள்ளுபடி உண்டு. அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று ஆண்டுக்கு ஒரு படி ஏறும். ஒருமுறை கிளைம் வாங்கினால் அடுத்த ஆண்டு சைபர். மறுபடி முதல் படியிலிருந்து ஏற வேண்டும்.

தள்ளுபடிக்கு முன் சொந்தச் சேதப் பிரீமியம் 10,000 ரூபாய், இப்போதைய போனஸ் 35 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். கிளைம் வாங்காவிட்டால் அடுத்த ஆண்டு 45, அதன்பின் 50 சதவீதம். வாங்கினால் 0, 20, 25, 35, 45 என்று போகும். ஐந்து ஆண்டுகளில் விட்டுப்போகும் தள்ளுபடி 4,500 + 3,000 + 2,500 + 1,500 + 500, ஆக 12,000 ரூபாய். வண்டி மதிப்பு குறையக் குறையப் பிரீமியமும் குறையும் என்பதால் இது சற்றுக் குறையலாம்.

வரவைப் பாருங்கள். பம்பர் 6,000, பட்டறைக் கூலி 3,000 என்று பில் வருகிறது. பிளாஸ்டிக் பாகத்துக்குத் தேய்மானம் 50 சதவீதம் கழிப்பார்கள். 1500 சி.சி. வரையுள்ள காருக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000. கைக்கு வருவது 5,000. ஐந்தாயிரத்துக்காகப் பன்னிரண்டாயிரத்தை விடுவது வியாபாரமா? அதே கார் 60,000 ரூபாய்க்கு நசுங்கியிருந்தால் யோசிக்காமல் கிளைம் போடுங்கள். தேய்மானம் கழிக்காத கூடுதல் பாலிசியோ, போனஸ் பாதுகாப்போ எடுத்திருந்தால் இந்தக் கணக்கு மாறும்.

சரக்கு வேன் வைத்திருப்போர் பாலிசியில் ஐ.எம்.டி. 23 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். கூடுதல் பிரீமியம் கட்டி அதைச் சேர்க்காவிட்டால், விளக்கு, மட்கார்டு, பம்பர் போன்றவற்றின் சிறு சேதத்துக்குக் கம்பெனி பொறுப்பேற்காது. சந்து பொந்தில் ஓடும் வேனுக்கு அடிபடுவதே அவைதான்! லைசென்ஸ் இல்லாத கடைப் பையன் ஓட்டியிருந்தால் சொந்தச் சேதக் கிளைமை மறந்துவிட வேண்டியதுதான்.

எதிர் வண்டிக்காரர் மீது தவறு என்றாலும், அவருடைய கம்பெனியிடம் நேரே பில்லை நீட்டி வாங்க முடியாது. அதற்குத் தீர்ப்பாயம் போக வேண்டும். அதனால்தான் சிறு உரசல்களை நேரில் பேசி முடிக்கிறார்கள். அப்படி முடித்தால் இரு வண்டி எண், தேதி, இடம், தொகை, "இச்சேதத்துக்கு இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்ற வரி, இருவர் கையெழுத்து எல்லாம் ஒரு தாளில் இருக்கட்டும். பணத்தைச் செக்காகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். வண்டிகளை நகர்த்துமுன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கிளைம் போடுவதாக இருந்தால் கம்பெனிக்குச் சொல்லும்வரை பட்டறையில் ஒரு நட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள்.