டி.வி. சமையலும் நம் கடைச் சரக்கும்

திங்கட்கிழமை காலையில் கடை திறந்ததும் வாடிக்கையாளர் கேட்கிற சாமானை வைத்தே, முந்தின இரவு டி.வி.யில் என்ன சமைத்தார்கள் என்று சொல்லிவிடலாம். "அண்ணாச்சி, ஆரிகானோ இருக்கா?" என்று ஒருவர் கேட்டுப் போன அரை மணியில் இன்னொருவர் வந்து நிற்பார். சங்கக் கூட்டங்களில் இதை வேடிக்கையாகப் பேசிக்கொள்கிறோம். ஆனால் சின்னக் கடைக்காரரின் முதல் முடங்குவதும் வாடிக்கை கைவிட்டுப் போவதும் இதில் அடங்கியிருப்பதால், இம்மாதம் இதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இங்கிலாந்தில் டெலியா ஸ்மித் என்ற அம்மையார் 1995-ல் பி.பி.சி.யில் நடத்திய குளிர்காலச் சமையல் தொடரில் கிரான்பெரி என்ற புளிப்புப் பழத்தைச் சேர்த்தார். கடைகளில் அந்தப் பழம் கிடைக்காமல் போயிற்று. 1998-ல் முட்டை வேகவைப்பதிலிருந்து பாடம் தொடங்கினார். நாடெங்கும் முட்டை விற்பனை கூடியது. இப்படித் திடீரென்று ஏறும் கிராக்கிக்கு 'டெலியா விளைவு' என்று பெயரே வந்து, 2001-ல் காலின்ஸ் அகராதியிலும் ஏறிவிட்டது.

வியாபாரி இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. முட்டை ஏற்கெனவே எல்லாக் கடையிலும் இருந்த சரக்கு. கூடுதலாக விற்றது, அவ்வளவுதான். கிரான்பெரியோ தேடிப்போய் வாங்க வேண்டிய சரக்கு. டி.வி. கிளப்பிவிடும் கிராக்கியை இப்படி இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

நம் பக்கத்தில் முட்டை ரகத்துக்கு நல்ல உதாரணம், புதுக்கோட்டை மாவட்டம் சின்னவீரமங்கலத்திலிருந்து வரும் வில்லேஜ் குக்கிங் சேனல். டி.வி.யில் அல்ல, யூடியூபில் வருவது. 2021-ல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தாண்டியது. அவர்கள் ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்துக் காட்டி, பெயரை உரக்கச் சொல்லி, அம்மியில் அரைக்கிறார்கள். சீரகம், சோம்பு, மிளகு, மல்லி, வத்தல் எல்லாம் நம் கல்லாவுக்குப் பின்னால் இருக்கிற சரக்குதான். காசு கொடுக்காமல் நமக்குக் கிடைத்த விளம்பரம் என்றே சொல்லலாம்.

போட்டி நிகழ்ச்சிகள் வேறு மாதிரி. விஜய் டி.வி.யில் 2019 நவம்பரில் 'குக்கு வித் கோமாளி' தொடங்கியது. இரண்டாவது சீசன் ஓடிய 2020-21-ல் மக்கள் நோய்க்குப் பயந்து வீட்டோடு இருந்து பார்த்தார்கள். 2021-ல் சன் டி.வி.யில் விஜய் சேதுபதி நடத்திய 'மாஸ்டர் செஃப்' வந்தது. போட்டியென்றால் நடுவர் அசர வேண்டும், ஆகவே புதுச் சரக்கு வந்துகொண்டே இருக்கும். அங்கே அலமாரி நிறையச் சாமான் இலவசம், நேரத்துக்குத்தான் பஞ்சம். நம் வாடிக்கையாளர் வீட்டில் நேரம் உண்டு, ஆனால் ஐம்பது கிராமுக்கு மேல் வாங்க மனம் வராது. இந்த வித்தியாசத்தை மறந்தால் நஷ்டம் நமக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாஸ் புட்டி ஒன்றின் கொள்முதல் 150 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பெட்டியாக 12 எடுத்தால் 1,800 ரூபாய். விற்பது 190. நிகழ்ச்சி ஓடுகிற வரை ஐந்து புட்டி போகிறது, 950 ரூபாய் கைக்கு வருகிறது. மீதி ஏழும் காலாவதியாகிவிட்டால் 850 ரூபாய் நஷ்டம். பன்னிரண்டும் விற்றிருந்தால்கூட லாபம் 480-தான். அதே புட்டியை 160 வீதம் மூன்று மட்டும் உதிரியாக எடுத்தவர் 480 போட்டு 570 எடுக்கிறார். 90 ரூபாய் ஒரு லாபமா என்று கேட்கலாம். அவரிடம் மிச்சமிருந்த 1,320 ரூபாய் பருப்பிலும் எண்ணெயிலும் மாதம் இரண்டு தடவையாவது சுற்றி வந்திருக்குமே!

புதுச் சரக்கு நிலைக்குமா என்று அறிய நாம் கைக்கொள்ளும் வழி எளிது. முதல் தடவை யார் வாங்கினார் என்று ஒரு நோட்டில் குறித்து வைப்பது. அவர் திரும்ப வந்து அதையே கேட்கிறாரா என்று பார்ப்பது. மூன்று பேர் ஒரு தடவை வாங்கியது ஆசை. ஒருவர் மூன்று தடவை வாங்கினால் அது சமையலறைக்குள் போய்விட்டது என்று அர்த்தம். சோயா சாஸ், வெனிலா எசென்ஸ், கோகோ பவுடர், கார்ன்ஃப்ளோர் இப்படித்தான் நம்மிடம் நிரந்தரமாயின. பிறந்த நாள் கேக்கை வீட்டிலேயே செய்யும் பழக்கம் வந்ததே காரணம். காய்ந்த பார்ஸ்லி நிலைக்கவில்லை. பச்சைக் கொத்தமல்லி தெருவுக்குத் தெரு கிடைக்கிற ஊரில் அது எப்படி நிலைக்கும்?

அதற்காகக் கேட்டவரிடம் வெறுமனே "இல்லை" என்று சொல்லி அனுப்புவதும் தவறு. இன்றைக்கு அவர் கைபேசியைத் தட்டினால் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அந்த ஒரு சாமானோடு அடுத்த மாதச் சாமான் சீட்டும் சேர்ந்து போய்விடும். "நாளை சாயங்காலம் வரவழைத்துத் தருகிறேன்" என்று சொல்லிப் பெயரைக் குறித்துக்கொள்ளலாம். இதற்கு மொத்த வியாபாரிகள் பெட்டியை உடைத்துக் கொடுக்க முன்வர வேண்டும். பெட்டி உடைக்க மாட்டோம் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள், வாங்கும் கடையே இல்லாமல் போனால் யாரிடம் விற்பார்கள் என்று தெரியவில்லை.

சிறு பொட்டலம் போடுவோர் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். வாடிக்கையாளர் முன்னால் நிறுத்துக் கொடுப்பது வேறு. முன்கூட்டியே கட்டித் தொங்கவிட்டால் பெயர், நிகர எடை, கட்டிய மாதம், விலை, உணவுப் பாதுகாப்பு உரிம எண் முதலிய விவரங்கள் மேலே இருக்க வேண்டும்.

ஊர் ஊராகப் போய்ச் சாப்பிட்டுக் காட்டும் நிகழ்ச்சிகளைப் பொறுத்தவரை மதுரைக்காரர்களாகிய நாம் கொடுத்து வைத்தவர்கள். கேமராவோடு வருகிறவர்கள் கறிதோசையையும் ஜிகர்தண்டாவையும் விடுவதில்லை. அதைப் பார்த்துவிட்டு வரும் வெளியூர்க்காரர், கோவிலுக்குப் போய்விட்டு அப்படியே கீழமாசி வீதிப் பக்கம் வந்து பாதாம் பிசின், நன்னாரி சர்பத் கேட்கிறார். இராமநாதபுரம் முண்டு வத்தலுக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு அதையும் பெயர் சொல்லியே கேட்கிறார்கள். முண்டு என்று சொல்லி வேறு ரகத்தைக் கலந்து நிறுப்பவர், ஊர்ப் பெயரையும் சேர்த்தே கெடுக்கிறார்.

பிசின் விற்பவருக்கு ஒரு குறிப்பு. பட்டைத் துண்டும் தூசியும் நீக்கி வைக்க வேண்டும். ஒரு தேக்கரண்டி பிசினை இரவில் பெரிய கிண்ணம் நிறையத் தண்ணீரில் ஊறப்போட்டால் காலையில் கூழ்போலப் பொங்கி நிற்கும். இதைச் சொல்லாமல் நூறு கிராமைக் கட்டிக் கொடுத்தால், திருச்சியிலோ சென்னையிலோ ஒரு வீட்டில் அத்தனையையும் ஒரே தடவையில் ஊறப்போட்டு, விடிந்ததும் அண்டா தேடுவார்கள்.