நைட் ஷிஃப்டும் பிரம்ம முகூர்த்தமும்

இந்த இதழில் நெய்வேலிக் கடிதங்கள் மட்டும். போன மாதம் கீதையைப் பற்றி நான் எழுதிய ஒரு பதில்தான் இவ்வளவு பேரையும் பேனாவைத் தூக்க வைத்திருக்கிறது. பாதிப்பேர் ஒப்புக்கொள்ளவில்லை. அதுவும் நல்லதுதான். பெயர் போட வேண்டாம் என்று எல்லோருமே கேட்டிருப்பதால் போடவில்லை.

கேள்வி: எனக்குச் சுரங்கத்தில் வேலை. வாரத்துக்கு ஒரு ஷிஃப்ட். நைட் முடிந்து காலையில் வீட்டுக்கு வந்தால், குளித்துப் பூஜை செய்துவிட்டுத்தான் படுக்க வேண்டும் என்கிறார் அம்மா. பிரம்ம முகூர்த்தத்தில் தியானம் செய்தால்தான் பலன் என்று கோயிலில் ஒரு பெரியவர் சொன்னார். அந்த நேரத்தில் நான் கன்வேயர் பெல்ட் பக்கத்தில் தூசியில் நிற்கிறேன். என்னைப் போன்றவனுக்கு ஆன்மிகம் கிடையாதா?

பதில்: முதலில் தூங்குங்கள், தம்பி. விளையாட்டாகச் சொல்லவில்லை. கீதையின் ஆறாவது அத்தியாயம் தியானத்தைப் பற்றியது. ஆசனம் எப்படி இருக்க வேண்டும், பார்வை எங்கே நிற்க வேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொண்டே வரும் கண்ணன், நடுவில் சோற்றையும் தூக்கத்தையும் பேசுகிறான். அளவுக்கு மீறித் தின்பவனுக்கும் பட்டினி கிடப்பவனுக்கும் யோகம் கூடாது. தூங்கிக்கொண்டே இருப்பவனுக்கும் கண்விழித்துக்கொண்டே இருப்பவனுக்கும் கூடாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அர்ஜுனனுக்குக் குடாகேசன் என்று ஒரு பெயர். தூக்கத்தை வென்றவன் என்று உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள். அவனிடமே, அளவாகத் தூங்கு என்று சொல்ல வேண்டியிருந்திருக்கிறது.

பிரம்ம முகூர்த்தம் என்பது சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்னால் தொடங்கி 48 நிமிடம் நீடிப்பது. விளக்கு வைத்ததும் சாப்பிட்டுப் படுத்து, இரவெல்லாம் தூங்கி எழுந்தவனுக்கு மனம் கலங்காத தண்ணீர் மாதிரி இருக்கும் நேரம் அது. அதனால்தான் அந்த நேரத்தைச் சொன்னார்கள். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்தவனைக் கண் எரிய உட்காரவைப்பதற்காகச் சொல்லவில்லை. நைட் வாரத்தில் உங்கள் முகூர்த்தம் பிற்பகல் மூன்று மணிக்கு வரலாம். எழுந்து முகம் கழுவி, காப்பிக்கு முன்னால் பத்து நிமிடம் உட்காருங்கள். ஷிஃப்ட் மாறினால் நேரம் மாறட்டும், உட்காருவது மட்டும் விட்டுப்போக வேண்டாம். பதஞ்சலி அப்பியாசத்துக்குக் கேட்பது நெடுநாள், இடைவிடாமை, மதிப்பு. மணி எத்தனை என்று அவர் அங்கே கேட்கவில்லை.

இடைவிடாமை என்றால் என்ன என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நிலக்கரிப் படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு இருக்கும் ஊற்றுநீரை இரவு பகலாக மோட்டார் போட்டு எடுத்தால்தான் உங்கள் சுரங்கத்தின் தரை தரையாக இருக்கும். ஒரு நாள் எக்கச்சக்கமாக இறைத்துவிட்டு ஒரு வாரம் நிறுத்திவைக்க முடியாது. தைப்பூசத்தன்று மட்டும் மூன்று மணி நேரம் தியானம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு அந்த மோட்டார்கள்தான் நினைவுக்கு வரும்.

இன்னொன்று. பாரதத்தின் வனபர்வத்தில் கௌசிகன் என்ற தவசி வருவான். தலையில் எச்சமிட்ட கொக்கைப் பார்வையாலேயே எரித்தவன். பிச்சை கேட்ட வீட்டில் ஓர் அம்மாள், புருஷனைக் கவனித்துவிட்டு மெதுவாக வந்து, நான் ஒன்றும் அந்தக் கொக்கு இல்லை என்கிறாள். நம் ஊரில் இதே கதை வாசுகி அம்மையார் பெயரில் வழங்குகிறது. ‘கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா’ என்ற பழமொழி அதிலிருந்து வந்ததுதான். பாரதக் கதை அதோடு முடியவில்லை. தர்மம் தெரிய வேண்டுமானால் மிதிலைக்குப் போ என்று அவள் அனுப்புகிறாள். போனால், கடைத்தெருவில் இறைச்சி விற்றுக்கொண்டிருக்கிறான் ஒருவன். தர்மவியாதன் என்பது அவன் பெயர். வந்த தவசிக்கு உபதேசம் செய்தவன் அவன்தான். அதற்காகத் தன் தொழிலை அவன் விட்டுவிடவில்லை.

ஆனால் பெல்ட் ஓடும்போது கண்ணை மூடி ஜபம் செய்துவிடாதீர்கள். அது பக்தியில் சேராது, விபத்தில் சேரும். அந்த எட்டு மணி நேரம் கண்ணும் காதும் வேலையில் இருந்தாலே போதும். அம்மாவோடு சண்டையும் வேண்டாம். கை கால் கழுவி, அவர் ஏற்றிய விளக்கின் முன் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போய்ப் படுங்கள்.

கேள்வி: நான் ஒப்பந்தத் தொழிலாளி. கூலி பாக்கியைக் கேட்டால், பலனை எதிர்பார்க்காமல் கடமையைச் செய்யணும்னு கீதையிலேயே இருக்கே என்கிறார் எங்கள் ஒப்பந்ததாரர். அவர் ஆபீஸ் சுவரில் கீதாசாரம் படம் தொங்குகிறது. கேட்பது பாவமா?

பதில்: அந்தப் படத்தில் இருக்கும் வாசகம் கீதையின் எந்தச் சுலோகத்துக்கும் மொழிபெயர்ப்பு இல்லை. பின்னாளில் யாரோ எழுதி, அச்சுக்கடைகள் பரப்பியது. இது முதலில்.

கூலி பலன் இல்லை, கடன். கீதை பேசும் பலன், செய்கிறவன் கையில் இல்லாதது. நாற்று நடுகிறவன் கையில் மழை இல்லை, வைத்தியம் பார்க்கிறவன் கையில் உயிர் இல்லை. உங்கள் கூலி அப்படியா? அது இன்னொருவர் சட்டைப்பையில் இருக்கிறது. அதை எடுத்துக் கொடுப்பது அவருடைய கடமை. சுலோகத்தை ஓத வேண்டியவர் அவர், தன் காதில் விழும்படி.

பலனைப் பற்றிய அந்தச் சுலோகம் யாரிடம் சொல்லப்பட்டது என்றும் பார்க்க வேண்டும். கேட்டுக்கொண்டிருந்தவன் அரசகுமாரன், கையில் காண்டீபம், தேரில் அனுமக்கொடி. தேர்த்தட்டில் நின்றுகொண்டு காலாட்படையைப் பார்த்து, சம்பளம் கேட்காதீர்கள் என்று கண்ணன் சொல்லவில்லை. நம் பழைய நூல்கள் கூலி விஷயத்தில் கறாரானவை. வேலை வாங்கிவிட்டுக் கூலி தராதவனுக்கு அர்த்தசாஸ்திரம் தண்டம் விதிக்கிறது. உங்களுக்குப் பக்கத்திலேயே வடலூரில், 1867-ல் வள்ளலார் தருமச்சாலை தொடங்கி மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது. அவர் பசித்தவனிடம், பசியைப் பற்றற்றுப் பார் என்று சொல்லியிருந்தால் அடுப்பே தேவைப்பட்டிருக்காது.

உங்கள் ஊர் நடராஜர் கோயிலில் மனுநீதி முறைப்பெட்டி இருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். குறையை எழுதிப் போட்டு ஆராய்ச்சி மணியை அடிக்கிறார்கள். சாமியே எழுத்துமூலம் மனு வாங்குகிற ஊர் அது. அங்கே ஒன்று போடுங்கள். தொழிலாளர் துறைக்கு ஒன்று, நகல் வைத்துக்கொண்டு. ஒப்பந்ததாரர் கொடுக்காவிட்டால் வேலை வாங்கிய முதன்மை நிறுவனமே கொடுக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம். வருகைப் பதிவுக்கு ஏதாவது அத்தாட்சி கையில் இருக்கட்டும்.

கேள்வி: தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் உபநிடதப் பொன்மொழிகள் அனுப்புகிறேன். மகனும் மருமகளும் படிப்பதில்லை. இளைய தலைமுறைக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: ஒரு மாதம் அனுப்பாமல் இருந்து பாருங்கள். நீங்கள் அனுப்பியதில் ஒன்றையாவது நீங்கள் செய்வதை அவர்கள் பார்த்தால், அவர்களே வந்து கேட்பார்கள்.

கேள்வி: என் கணவர் ஆனி மாதம் ஓய்வு பெறுகிறார். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். முப்பத்தொரு வருடம் இதே வட்டம், இதே வீடு. பின்பக்கம் நான் வைத்த பலா இப்போது கூரைக்கு மேல் போய்விட்டது. வடலூரில் கட்டிய வீட்டில் செடி வைக்கக்கூட இடமில்லை. நினைத்தாலே தொண்டை அடைக்கிறது. ‘பற்றை விடு, இது வானப்பிரஸ்த வயசு’ என்கிறார் அவர். பற்றை எப்படி விடுவது?

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன், அம்மா. பலா வைத்தது நீங்கள். பற்றை விடச் சொல்வது அவர். அதுதான் கண்ணில் உறுத்தியது.

வானப்பிரஸ்தம் பழைய நூல்களில் ஒருவன் தனக்குத்தானே எடுத்துக்கொள்ளும் முடிவு. தலை நரைத்து, பேரப்பிள்ளையைப் பார்த்தபின் காட்டுக்குப் போகலாம். மனைவியை உடன் அழைத்துப் போகலாம், அல்லது பிள்ளைகளிடம் விட்டுப் போகலாம் என்கிறது மனு. அதைச் சொல்லி மனைவியின் அழுகையை நிறுத்தலாம் என்று எங்கும் இல்லை. கீதையின் கடைசி அத்தியாயம் தியாகத்தைத் தரம் பிரிக்கும்போது, வலிக்குமே என்று பயந்து விடுவது தியாகத்தின் பலனைத் தராது என்கிறது. உங்கள் கணவருக்கு வலிக்கவில்லை என்று நான் நம்பவில்லை. முப்பத்தொரு வருடம் ஒரே கேட் வழியாக வேலைக்குப் போனவர். தனக்குச் சொல்லிக்கொள்ள முடியாததை உங்களிடம் சொல்லிப் பார்க்கிறார் போலிருக்கிறது. ஒரு சாயங்காலம் அவரையும் அந்தப் பலாவடியில் உட்காரவைத்துப் பேசிப் பாருங்கள்.

நெய்வேலி விட்டுக்கொடுத்தவர்கள் மேல் எழுந்த ஊர். ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டும்போது கரியமண் வந்த கதை உங்களுக்குத் தெரியும். 1956-ல் நிலக்கரி நிறுவனம் பதிவானது, 1957 மே 20-ல் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தார். அப்போது எத்தனையோ பேர் வீட்டையும் முந்திரித் தோப்பையும் குலதெய்வக் கோயிலையும் விட்டுப் போனார்கள். 2023 ஜூலையில் மேல்வளையமாதேவியில், கதிர் வரும் நேரத்து நெல்வயலில் அதே நிறுவனத்தின் மண்வெட்டும் எந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. அந்த விவசாயியிடம் போய்ப் பற்றை விடு என்று சொல்ல எனக்கு நா எழாது. பறிபோனதற்கும் துறந்ததற்கும் நடுவே பெரிய தூரம் உண்டு. எந்தச் சாஸ்திரமும் அதைத் தாண்டிக் கொடுக்காது.

உங்களுக்கு அவர்களுக்குக் கிடைக்காத ஒன்று கிடைத்திருக்கிறது: நாள். எப்போது போகப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு, தயாராகிப் போகிறீர்கள். இதை வைத்து என்ன செய்யலாம் என்று பாருங்கள். மரத்தின் மேல் இருக்கும் பிரியத்தை விட வேண்டியதில்லை. பிரியம் கட்டாது, ‘என்னுது’ என்பதுதான் கட்டும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதற்குத்தான் ஈசாவாஸ்யம் தொடங்கி அத்தனை உபநிடதமும். மரம் வளர்ந்தது நகரியத்து மண்ணில், குடித்தது சுரங்கத்து ஊரின் நிலத்தடி நீரை. தண்ணீர் ஊற்றிய கை மட்டும் உங்களுடையது. அந்தக் கை உங்களோடுதான் வரப்போகிறது.

காலி செய்யும் நேரம் நல்லவேளையாகப் பலா சீசன். கடைசிக் காய்ப்பை அக்கம்பக்கம் எல்லா வீட்டுக்கும் உங்கள் கையாலேயே கொடுங்கள். பலாக்கொட்டை காய்ந்துபோனால் முளைக்காது. பழத்தை அறுத்த சில நாளிலேயே ஊன்றிவிட வேண்டும். இரண்டு மூன்று பைகளில் போட்டு வையுங்கள். கொட்டையிலிருந்து வருவது தாய்மரத்துச் சுளையைப் போலவே இருக்கும் என்று உறுதியில்லை. அதே சுளை வேண்டுமென்றால் ஒட்டுக் கட்ட வேண்டும். பண்ருட்டிப் பக்கம் தெரிந்தவர் யாராவது இருப்பார்கள். வடலூர் வீட்டில் இடமில்லை என்றால், இடமுள்ள யாருக்காவது கன்றைக் கொடுத்துவிடுங்கள்.

சாவியை ஒப்படைக்கும் நாளில் ஒன்று செய்யுங்கள். அடுத்து வரும் குடும்பத்துக்கு ஒரு தாளில் எழுதி, சமையலறை அலமாரியில் வைத்துவிட்டுப் போங்கள்: மரத்துக்கு என்ன வயது, எந்தப் பக்கத்து அடிமரத்தில் முதலில் காய் பிடிக்கும், எந்த மாதத்தில் அணில் வரும்.