கடல் அல்லியைக் கடித்தது யார்?

தஞ்சோங் பகாருக்குத் தெற்கிலுள்ள தீவுகளின் பவளப் பாறைகளில், நீண்ட கரிய முட்களையுடைய கடல் முள்ளெலிகளையும் இறகு விண்மீன்களையும் நாம் இன்றும் காணலாம். இறகு விண்மீன்கள் கடல் அல்லிகளுக்கு உறவினம். கடல் அல்லி பெயரால் மலர், பிறப்பால் விலங்கு. காம்பின்மீது நின்று, கைகளை விரித்து, நீரில் மிதந்து வரும் நுண்ணுணவை அது பிடித்துண்ணும்.

முள்ளெலிக்கும் கடல் அல்லிக்கும் தொன்றுதொட்ட பகை உண்டெனப் புதைபடிவங்கள் கூறுகின்றன. போலந்து நாட்டில் கிடைத்த, ஏறத்தாழ 24 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட கடல் அல்லிப் படிவங்களில் கடிவடுக்கள் இருப்பதை அறிஞர்கள் 2010ஆம் ஆண்டில் வெளியிட்டனர். முள்ளெலி தன் வாயிலுள்ள ஐந்து பற்களால் பதிக்கும் வடுக்களை அவை ஒத்திருந்தன. பால்மரப் பட்டையிலுள்ள காயத்தைக் கண்டதும் கத்தி பட்ட விதத்தை நாம் அறிகிறோம் அல்லவா? அவ்வாறே கல்லிலுள்ள வடுவைக்கொண்டு கடித்த வாயை அவர்கள் அறிந்தனர்.

நின்ற இடத்திலேயே நிற்கும் உயிர் பகைக்கு எளிய இரையாகும். ஆகவே, சில கடல் அல்லிகள் காம்பின் அடிப்பகுதியைக் கழித்துவிட்டு, கைகளால் ஊர்ந்து தப்புகின்றன. பகாமா தீவுகளருகே ஆழ்கடலில் அவை ஊர்வதைப் படமும் எடுத்துள்ளனர். இன்று காம்புள்ள இனங்கள் ஆழ்கடலில் ஒதுங்கி வாழ்கின்றன. காம்பைத் துறந்து நகரக் கற்ற இறகு விண்மீன்களோ, முள்ளெலிகள் வாழும் ஆழமற்ற கடலிலும் நிலைத்துள்ளன.